பங்கில் மிஷின் மாற்றிய வாரம்

கோரிமேட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் அம்மா ஒன்பது வருடம் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டாள். எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. பழைய மிஷினில் எண்கள் உருளையில் சுழன்று வரும். "ரெண்டு முட்டை சேர்ந்து வந்தா நூறு. கையை எடுத்துடணும்" என்பாள். கணக்குப் பிசகியதே இல்லை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்தைவிட இங்கே விலை குறைவு என்பதால் திண்டிவனம் வண்டிகளும் வரிசையில் நிற்கும்.

அந்த விலையும் ஏறி நூறைத் தொடப் போனது. பழைய மிஷினின் விலைக் கட்டத்தில் ரூபாய்க்கு இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். முதலாளி புது மிஷின் இறக்கினார். தொகையைப் பொத்தானில் அழுத்தினால் தானாக நின்றுவிடும். அழுத்தத் தெரியாதவர்கள் குழாயைத் தொடக்கூடாது என்றார் மேனேஜர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா?" என்று என் கால்குலேட்டரை அவள் மடியில் வைத்தேன். கீழிருந்து இரண்டாம் வரிசை, இடது ஓரம், அதுதான் ஒன்று. பார்த்துப் பார்த்து அழுத்தினால் வேகம் வராது என்று கண்ணை மூடச் சொல்லிப் பழக்கினேன். ஒரு வாரத்தில் விரல் பிசகாமல் போனது. பங்கில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், பொண்ணு சொல்லிக்கொடுத்தாளென்று.

புது மிஷின் ஓடத் தொடங்கிய முதல் நாள் பார்க்க நானும் போனேன். பக்கத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்கு பைக்கில் போகிற ஒருவர் நூறு ரூபாய்க்குக் கேட்டார். அம்மா மிஷினைப் பார்க்காமலே அழுத்தினாள். பெட்ரோல் நிற்கவில்லை; தானாக நின்றுவிடும் என்று அம்மாவும் கையை எடுக்கவில்லை.

"யக்கா, நூறுதான் கேட்டேன். மாமியா ஊட்டு சீரா, ரொப்பிக்கினே இருக்க?"

எழுநூறில் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த மிஷினில் ஒன்று, இரண்டு, மூன்று மேல் வரிசையில் இருந்தன. கால்குலேட்டரில் ஒன்று இருக்கும் இடத்தில் இங்கே ஏழு.

மேனேஜர் வந்தார். "காலேஜ் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சுன்ன?"

"அது சரியாதான் சொல்லிக்குடுத்துச்சு சார். எனக்குத்தான் மண்டைல ஏறல."

நான் பக்கத்தில்தான் நின்றேன், கழுத்தில் கல்லூரி அட்டையோடு. தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பங்கைக் கூட்டும் வேலை. சம்பளமும் குறைவு. அது நடந்த அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரு வாரமா உன்னைப் படிக்கவிடாம பண்ணிட்டேன், பாப்பா."