செம்பாவில் தொட்ட துணி

ஒசாகா நகரத்தின் செம்பா வட்டாரத்தில், ஒரு மொத்தத் துணி வியாபாரியின் மேசைக்கு அடியில், காக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அறுபதை நெருங்கும் மனிதர் ஜப்பானில் வைத்து என் கையைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காக்கா ஓமானில், ரூவியில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்குக் கொள்முதல் செய்பவர். காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், தூத்துக்குடிக்காரனான எனக்கும் காக்காதான். ஓமானியரின் நீண்ட வெள்ளை அங்கிக்கான துணியை வருடந்தோறும் செம்பாவில் எடுப்பார். விரலிடுக்கில் ஒரு தேய்ப்பு, தரம் சொல்லிவிடுவார். நான் கடையில் பில், கணக்கு பார்க்கும் பேப்பர் வேலைக்காரன். ஆங்கிலம் பேசவும் பெட்டி தூக்கவும் கூட்டிப்போனார். பெட்டியை நன்றாகவே தூக்கினேன்.

அன்று காலை முழுக்க ஊர் காட்டினார். தலைக்கு மேலே பாலத்தில் கார்கள் ஓட, அதன் வயிற்றுக்குள் வரிசையாகத் துணிக்கடைகள். தள்ளுவண்டியால் என்னை இடித்தவன் குனிந்து வணங்கிவிட்டு ஓடினான். "அந்தக் காலத்துல நாலு பக்கமும் தண்ணி, தம்பி. படகுலதான் சரக்கு வரும். பாதியை மூடி ரோடு போட்டுட்டான். வியாபாரத்தெ மூட முடியலெ."

மேசையடியில் சொன்னது வேறு. "ரெண்டு மாசமா வெரல்ல ஒண்ணும் தெரியலெ. சுகர். மொதலாளிக்குத் தெரிஞ்சா விசா கேன்சல். நீ தொட்டுச் சொல்லு."

"காக்கா, எனக்கு வேட்டியும் பெட்ஷீட்டும் ஒண்ணு."

"மரத்துப்போகாத வெரலு ஒன்னுதுதான். தொடு."

தொட்டேன். மாதிரித் துணிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. பசி வேறு. மூன்றாவதைக் காட்டினேன். காக்கா அதைத் தேய்த்து, தெரிந்தவர்போலத் தலையாட்டி, ஆர்டர் கொடுத்தார்.

சரக்கு ரூவிக்கு வந்தது. வழக்கமான ஓமானி வாடிக்கையாளர் தொட்டார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அடுத்தவரும் அப்படியே. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "யார் பாத்து எடுத்தது?" என்றார். ஊர் முழுக்க ஜோக்கடிக்கும் வாயைத் திறந்தேன். ஏசிக் காற்றுதான் உள்ளே போயிற்று.

"நான்தான். வெரலு செத்துப்போச்சு. தம்பி பெட்டி தூக்க வந்தவன்" என்றார் காக்கா.

"கலாஸ்" என்றார் முதலாளி, முடிந்தது என்று அரபியில். காக்காவின் விசா ரத்தானது. விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். "அழுவுறியா?" என்று காக்கா கேட்டார். "இல்ல காக்கா." அது உண்மை. ஒன்றுமே வரவில்லை.

காக்கா ஊரில் இருக்கிறார். வழி தெரிந்தவன் என்று இப்போது என்னை அனுப்புகிறார்கள். துணியும் ஓரளவு பிடிபட்டுவிட்டது. அன்று தொட்டது நான்தான் என்று முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. செம்பாவின் அந்தத் துணி வியாபாரிக் கிழவர் ஒவ்வொரு முறையும் காக்காவை விசாரிக்கிறார். "லீவில் இருக்கிறார்" என்கிறேன். அடுத்து வந்துவிடுவார் என்று அவருக்கும் சேர்த்து இரண்டு கோப்பை தேநீர் வைக்கிறார். இரண்டையும் நானே குடிக்கிறேன். நாக்கில் சூடு தெரிகிறது. அவ்வளவுதான்.