ஐம்பத்தைந்தா, எண்பதா

"ஸ்டாண்டர்ட் லென்ஸுன்னா இன்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேமராவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வாய் நிற்காது. பெரிசாக்கியும் காட்டாது, சின்னதாக்கியும் காட்டாது, மனுஷன் கண் எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்க்கும், அதுதான் ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்றேன்.

"யார் கண்ணு?" என்றார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவருக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும்தான். முழுசாக இருட்டிவிடாது, ஓரப்பார்வை நிற்கும், ஆனால் நேர் எதிரே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்தவர், மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளிய மனுஷன். இப்போது பஸ் வருவது தெரிகிறது, நம்பர் தெரிவதில்லை. "நடுவுல யாரோ கட்ட வெரல வெச்சி மறைச்சிகினு கீற மாதிரி இருக்குது" என்பார். அதையும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த தொந்தரவைச் சொல்வது போலத்தான் சொல்வார்.

அவரைவிட நான்தான் நொந்துபோனேன். நான் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதையே மனுஷன் விட்டுவிட்டார். நான் பாட்டுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருப்பேன், அவர் எனக்குப் பின்னால் தொங்குகிற காலண்டரையோ ஃபிரிட்ஜையோ பார்த்துத் தலையாட்டுவார். எப்படியும் தெரியப்போவதில்லை, அப்புறம் எதற்குப் பார்ப்பது என்று விட்டுவிட்டார் போல, என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அதனால் அதைக் கேட்காமல், குழாயை மூடவில்லை, செருப்பைக் கண்ட இடத்தில் விட்டார் என்று ஒன்றுமில்லாததுக்கெல்லாம் சண்டை போட்டேன்.

மாமல்லபுரத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணங்களுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டு இப்போது சிற்பப் பட்டறைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். தூர தேசத்திலிருந்து சிலை வாங்குகிறவர்கள் நேரில் வருவதில்லை. படத்தைப் பெரிசாக்கி, உளி போன தடம் வரைக்கும் பார்க்கிறார்கள். அதற்காகத்தான் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். சாதாரணக் கேமராவைவிட அதன் சென்சார் பெரிசு. அதிலேயே கை காலி. லென்ஸ் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், அது ஸ்டாண்டர்டாகத்தான் இருக்க வேண்டும்.

ஐம்பத்தைந்து எம்.எம். லென்ஸா, எண்பதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேமராவில் இரண்டையுமே ஸ்டாண்டர்ட் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பத்தைந்து கொஞ்சம் அகலமாகப் பார்க்கும், நாம்தான் கிட்டே போக வேண்டும். எண்பது கொஞ்சம் இழுத்துக் காட்டும், நாம் தள்ளி நிற்க வேண்டும். சென்னையில் வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து இரண்டையும் எடுத்து, பையை மடியில் வைத்து, பச்சைப் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு கேளம்பாக்கம் வழியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

முதலில் பட்டறையில் ஒரு நந்தியை எடுத்துப் பார்த்தேன். எண்பதில் நந்தியின் முகம் கம்பீரமாக வந்தது, பின்னாலிருந்த கல் குப்பையும் தண்ணீர்க் குழாயும் மங்கி ஒதுங்கிக்கொண்டன. ஐம்பத்தைந்தில் நந்தியோடு பட்டறை முழுக்க வந்து நின்றது. எண்பதில் எடுத்ததைப் பார்த்த பட்டறை முதலாளி, இதுதாம்மா, இதையே வாங்கிடு என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் வேறொரு கணக்கு. எத்தனையோ மாப்பிள்ளைகளை ஜம்மென்று எடுத்தவள், சொந்த வீட்டுக்காரரை ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. கேமராவைத் தூக்கினாலே வாயைக் கோணுவார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட முக்கால்வாசிப் படத்தில் அவர் பந்தி நடக்கிற பக்கம்தான் பார்க்கிறார். என் முகம் அவருக்கு அடையாளம் தெரியாமல் போவதற்குள், அவர் என்னைப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும். சிலைக்குத்தான் லென்ஸ் என்று ஊரெல்லாம் சொன்னேனே ஒழிய, நிஜத்தில் இதற்குத்தான் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் ஓரத்தில் அவரை உட்காரவைத்தேன். லென்ஸ் டெஸ்ட் என்றதும் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். டெஸ்ட் என்கிற வார்த்தைக்கு அவரிடம் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. எண்பதை மாட்டிக்கொண்டு தள்ளி நின்று, நேராக இங்கே பாருங்கள் என்றேன். எங்கே என்று கேட்டார். விரலைச் சொடுக்கினேன். சத்தம் வந்த பக்கம் திரும்பி, சொன்னபடி நேராக, ஆடாமல் அசையாமல் பார்த்தார்.

படத்தில் இமை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். கண் இரண்டும் லென்ஸுக்குள்ளேயே பார்த்தன. ஆனால் அது ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மூஞ்சி. சிரிங்க என்றால் பல்லைக் காட்டினார். கொஞ்சம் திரும்புங்க என்றால் திரும்பினார். எத்தனை எடுத்தும் அந்த முகத்தில் நான் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் பாவம், அடுத்து என்ன செய்யணும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. வாடகை கொடுத்ததுக்காவது இதையும் பார்த்துவிடுவோம் என்று ஐம்பத்தைந்தை மாட்டினேன். அதில் முகம் பெரிசாக வர வேண்டுமென்றால் கிட்டே போயே ஆக வேண்டும். மணலில் மண்டி போட்டு, அவர் முழங்கால் என்னை இடிக்கிற தூரத்துக்குப் போனேன். இவ்வளவு கிட்டே போனால் மூக்கு கொஞ்சம் பெரிசாகத்தான் வரும், அவர் விஷயத்தில் பழியை லென்ஸ் மேல் மட்டும் போட முடியாது. இந்தக் கேமராவின் திரையை மேல்பக்கமாக மடக்கி, நெஞ்சுக்கு நேரே வைத்துக் குனிந்து பார்க்கலாம். அதனால் என் முகம் மறையவில்லை.

அப்போது அவர் தலையை லேசாகத் திருப்பினார். பார்வை என் காதைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. கேமராவை இறக்கிவிட்டு, நான் இங்கே இருக்கேன், நீங்க எங்கே பார்க்கறீங்க என்று கத்தியேவிட்டேன்.

"உன்னத்தான் பாக்கறேன்" என்றார். "நேராப் பாத்தா நீ இருக்க மாட்ட. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் நீ வர்ற." அப்புறம், "பொட்டு கோணலா கீது" என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது.

ரொம்ப நாளாக இப்படித்தான் பார்க்கிறாராம். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். வெளியாட்களிடம் இப்படிப் பார்ப்பதில்லையாம். ஒருதரம் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்க்க இவர் இப்படித் தலையைத் திருப்ப, பக்கத்து சீட்டு அம்மா, இவர் தன்னைத்தான் வெறிக்கிறார் என்று நினைத்து ஏசிவிட்டார்களாம். அதிலிருந்து மற்றவர்களை மரியாதையாக நேராகப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. வீட்டில் என் ஒருத்தியிடம்தான் அந்த மரியாதையெல்லாம் வேண்டியதில்லை என்று விட்டிருக்கிறார். முன்னாடியே சொல்றதுக்கு என்ன என்றேன். நீதானே நேராகப் பார்க்கச் சொன்னாய், அதுவும் அவ்வளவு தூரத்தில் நின்றால் எப்படிப் பார்த்தாலும் நீ கிடைக்க மாட்டாய் என்றார்.

காலண்டரும் ஃபிரிட்ஜும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. குழாய்க்கும் செருப்புக்கும் நான் சண்டை போட்ட அத்தனை நாளும் இந்த மனுஷன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழறியா என்று கேட்டார். மணல் விழுந்துடுச்சு என்றேன். எடுத்துவிட்டாயா என்றார். இல்லை, அப்படியே இருங்கள் என்று சொல்லி எடுத்தேன்.

ஐம்பத்தைந்தைத்தான் வாங்கினேன். பட்டறை முதலாளி இன்னும் முணுமுணுக்கிறார். அவருக்காகச் சிலைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி எடுத்துக் கொடுக்கிறேன். கடற்கரைப் படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் நன்றாயிருக்கிறது என்பார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சார் மட்டும் கேமராவைப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பார்கள். முதலில் எல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஆமாங்க என்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று சாப்பிடும்போது மின்சார பில்லைப் பற்றி ஏதோ எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு மெதுவாக ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினார். நான் பேச்சை நிறுத்தி, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, பொட்டைச் சரிசெய்துகொண்டேன்.