மூன்று மாதங்களைப் பற்றி எஸ்தர் அக்கா சொல்லாதது

எஸ்தர் அக்கா இறந்த செய்தி செய்முறைத் தேர்வின் நடுவில் வந்தது. எதிரில் ஒரு மாணவி குழந்தை வளர்ச்சியின் விதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து அவருடைய தம்பி போனில் பேசினார். "அக்கா காலைல எந்திரிக்கல, மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு அந்த மாணவிக்கு மதிப்பெண் போட்டேன். எவ்வளவு போட்டேன் என்று நினைவில்லை. தாராளமாகத்தான் போட்டிருப்பேன்.

தூத்துக்குடியில் எங்கள் நர்சிங் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வுபெறும்வரை குழந்தை நலப் பாடத்தை அவரும் நானும் பங்கிட்டு நடத்தினோம். விதிகள் என் பங்கு. வளர்ச்சி தலையிலிருந்து காலுக்கு இறங்கும், நடுவுடலிலிருந்து விரல்நுனிக்குப் போகும், வரிசை மாறாது, வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் அவர் பங்கு. மீனவர் குடியிருப்பிலோ உப்பளத் தொழிலாளர் தெருவிலோ மாணவி ஒருத்திக்கு ஒரு கைக்குழந்தை என்று பார்த்து ஒப்படைத்துவிடுவார். ஓராண்டு முழுக்க வாராவாரம் போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். 'நார்மல்' என்ற சொல்லை மட்டும் எழுதக் கூடாது. எழுதி மாட்டிக்கொண்ட ஒருத்தியிடம், "ஏளா, நார்மல்னா யாரு? ஒங்க மாமா மவனா? பிள்ள என்ன செஞ்சான், அத எழுது" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலையில் பதினாலு மாதக் குழந்தை ஒன்று பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை என்று பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். தாய் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் அழுதாள். டாக்டர் பார்த்ததில் குழந்தைக்கு ஒன்றுமில்லை. வீட்டில் நான்கு சித்திமார், ஆளுக்கொரு இடுப்பு, பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டால்தானே நிற்பான்! எஸ்தர் அக்கா அடுத்த நாளே ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஏறினார். "ஒன்னைய அழ வச்சிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டு அனுப்பினாள். எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் இதை வெகுநாள் கேலி பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன்.

அதற்கடுத்த ஆண்டு என் மகனுக்குப் பத்து மாதம். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்தப் பிள்ளையை வகுப்புக்குத் தூக்கிவந்து செய்துகாட்டுவோம். நானும் கார்த்திக்கைத் தூக்கிவந்து பாயில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தான், தவழ்ந்தான், உலர்ந்த திராட்சையை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோஸ்லின் என்ற மாணவி அவனுக்குப் பின்னால் போய்க் கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. அப்படியே நோட்டில் எழுதினாள். "வெளையாட்டு மும்முரத்துல இருக்கான். நார்மல்னு எழுது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு எழுதினாள்.

அன்று மாலை எஸ்தர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நோட்டு திருத்தும்போது அந்தச் சொல்லைப் பார்த்து ரோஸ்லினை விசாரித்திருக்கிறார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, கார்த்திக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்.

"செல்வி, பிள்ள மொகத்தப் பாத்தா சிரிக்கான். சத்தத்துக்குத் திரும்பல. காத டெஸ்ட் பண்ணிரு."

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம்க்கா. நீங்களும் இதத்தான நடத்துதீங்க?"

"நடத்துதேன். அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிடச் சொல்லல."

"ஆலந்தலைலயும் இப்படித்தான சொன்னீங்க?"

"ஆமா. தப்பாப் போச்சு, போய் மன்னிப்புக் கேட்டேன். இங்கயும் தப்பா இருந்தா ஒங்கிட்டயும் கேக்கேன். சரியா இருந்து நான் சொல்லாமப் போயிட்டா, யார்ட்ட போய்க் கேக்க?"

இதற்கு நான் சொன்ன பதிலை அக்கா இறக்கும்வரை யாரிடமும் சொன்னதில்லை. "பிள்ள பெத்தவளுக்குத்தான் பிள்ளையத் தெரியும்" என்றேன். எஸ்தர் அக்கா மணமாகாதவர். டம்ளரை வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிப் போனார். மறுநாள் காலை வழக்கம்போல எனக்கு வணக்கம் சொன்னார். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், ஒருநாள் இருநாள் இல்லை, மூன்று மாதம்.

தீபாவளியன்று பகலில் வாசலில் சரவெடி வெடித்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது. என் பிள்ளை ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திருநெல்வேலியில் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் பெருமளவு கேட்கவில்லை. பேச்சுக்கு மூளை பழகுகிற மாதங்கள் போனால் போனதுதான் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்.

எஸ்தர் அக்கா ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. காதுக் கருவி பொருத்திய பிறகு, இரண்டு ஆண்டு சனிக்கிழமைதோறும் வந்து, கார்த்திக்கைக் கண்ணாடி முன் உட்காரவைத்து 'ப', 'ம' சொல்லிப் பழக்கினார். அவன் தெளிவாகச் சொன்ன முதல் சொற்களில், அவரைக் கூப்பிட்ட 'அத்தை'யும் உண்டு.

இனி நான் வெட்கப்படுகிற இடம். கார்த்திக் நன்றாகப் பேசத் தொடங்கியதும், அவன் கதையை வகுப்பில் சொல்ல ஆரம்பித்தேன். "பத்தாவது மாசத்துலயே நான் கண்டுபிடிச்சேன். தாயா இருந்தாலும் நர்ஸ் கண்ணு தூங்கக் கூடாது" என்பேன். மாணவிகள் கண் கலங்குவார்கள். பல தடவை கடைசி பெஞ்சில் எஸ்தர் அக்கா நோட்டு திருத்திக்கொண்டிருப்பார். ஒருநாளும் நிமிர்ந்ததில்லை.

நாசரேத்தில் அடக்கம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கார்த்திக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு இப்போது பதினேழு வயது. அவரிடம் அன்று நான் சொன்ன வார்த்தையையும் மறைக்கவில்லை. அவன் காதுக் கருவிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஊர் வந்து சேரும்வரை மாட்டவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பஸ் பயணம் வேறில்லை.

மறுநாள் காலை மாட்டிக்கொண்டு வந்தான். "கிளாஸ்ல யார் யார்ட்ட அப்படிச் சொன்னீங்களோ, அவங்க எல்லார்ட்டயும் சொல்லிருங்கம்மா" என்றான்.

அதனால் எழுதுகிறேன். என் பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று முதலில் கண்டவள் ரோஸ்லின். அதை நம்பியவர் எஸ்தர் அக்கா. நான் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தவள். அவர் எனக்காகக் காத்த மௌனம் இத்துடன் முடியட்டும். அன்று என் வீட்டுக்குள் வந்து நின்று அதைச் சொன்ன அவருடைய துணிச்சலை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். இதை எழுதவே அதில் பாதி செலவாகிவிட்டது.