அக்காவின் 'அப்புறம்'

அக்காவுக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்ல அவள் இடம் கொடுத்தால்தானே.

ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பல வருடம் இருந்தவள், நாற்பதை நெருங்கும்போது அதை உதறிவிட்டு மனநல உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். இது என்ன வேண்டாத வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்றாள்.

மருந்து கொடுப்பது முதல், குளிக்க அடம்பிடிப்பவரைச் சம்மதிக்க வைப்பதுவரை எல்லாவற்றிலும் தேறினாள். மாட்டிக்கொண்டது ஒரே சொல்லில். செய்முறைத் தேர்வில் பெண் பயிற்சியாளர் ஒருவர் நோயாளியாக நடித்தார்.

"தூக்கமே வரலைங்க."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

அவர் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க மேடம்?"

"நீங்கதானே பேச்சை முடிக்கச் சொன்னீங்க."

கதை கேட்கும் குழந்தையும் 'அப்புறம்?' என்கிறது, போனை வைக்கத் தவிப்பவரும் 'அப்புறம்...' என்று இழுக்கிறார். அக்காவுடையது இரண்டாவது வகை, புகார்ப் பிரிவு பழக்கிவிட்டது. அடுத்த மாதம் மறுதேர்வு. அதிலும் தவறினால் வேலை கிடையாது.

பழகிப் பார்க்க நான்தான் கிடைத்தேன். தினமும் போன் செய்யச் சொன்னாள். வழக்கமாக நான் 'நல்லா இருக்கேன்' என்பேன், அவள் 'அப்புறம்?' என்பாள், நான் வைத்துவிடுவேன். இப்போது மறுமுனையில் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியாக்கா?"

"இருக்கேன்டா."

மறுபடி மௌனம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு மாலை மருந்துக்கடை வாசலில் நின்று அதே 'நல்லா இருக்கேன்'. அவள் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நல்லா இல்லக்கா. வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு. கதவைத் தொறந்தா யாரும் இல்ல. தெருத்தெருவா சுத்திட்டுத்தான் போறேன்."

என் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம். அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா சொல்லவில்லை. நான் பேசி ஓயும்வரை இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுதேர்வில் தேறினாள். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவளே வகுப்பெடுக்கிறாள். என்னோடு பேசுவதையும் விடவில்லை. நேற்று மாலை அவள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போயிட்டியாடா?"

"வீட்லேர்ந்துதான்க்கா பேசறேன்" என்றேன்.