தீய்ந்த சாமைச்சோறு

பேரன் ஆக்கிய சாமைச்சோறு அடிப்பிடித்துவிட்டது. அந்தத் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில், மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று கல் கூட்டி எங்களுக்குச் சோறாக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். ஆளுக்கொரு பிடி சாமை கொண்டுபோவோம். சாமையில் கிடக்கும் கல்லை அரிப்பது, உலைத்தண்ணீர் அளப்பது எல்லாம் பையன்களும் செய்ய வேண்டும். வெந்ததை எல்லோரும் சேர்ந்து தின்போம். நான்காம் வாரம் பானை தேய்க்கும் முறை எனக்கு வந்தது. கரியில் கை வைக்கப் பிடிக்காமல், வாத்தியார் தனக்காக எங்களைச் சமைக்க வைக்கிறார் என்று வீட்டில் சொன்னேன். பச்சைப் பொய்.

அப்பா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "ஏனுங்க வாத்தியாரே, உங்களுக்குச் சோறாக்கவா எம் பையன் வாரான்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை. அவர் உலைத்தண்ணீரைக் கொட்டி அடுப்பை அணைத்தார். பிறகு பலகையும் எழுத்தும் மட்டும்தான்.

அடுத்த மாதம் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்றவள் அடுப்பைத் தொடக் கூடாதென்று அம்மா வெளிக்குடிசையில் இருந்தாள். அறுப்புக்காலம், ஊரே காட்டில் கிடந்தது. நான் ஆக்கிய சோறு தீய்ந்து, வாய்க்கு வாய் கல்லாக இருந்தது. பசியில் அம்மா அதைத்தான் மென்றாள்.

"சோறாக்க வெச்ச வாத்தியாரு கல்லரிக்கச் சொல்லித் தரலயா கண்ணு?"

"இல்லம்மா" என்றேன்.

பேரன் கரிந்த பாத்திரத்தைத் தேய்க்க எடுத்தான். "இங்க குடு சாமி" என்று வாங்கிக்கொண்டேன்.