நாகம்மா அக்கா மேல் விழுந்த வெளிச்சம்

போன கிழமை லிங்கநகரில் ஒரு கலியாணம். மணவறைக்கு முன்னால் படம் பிடிக்க வெள்ளைக் குடை விரித்து அதற்குள் விளக்கு வைத்திருந்த பொடியன் என்னைப் பார்த்து, "அம்மம்மா, வெளிச்சத்தை மறைக்கிறீங்கள், கொஞ்சம் தள்ளுங்கோ" என்றான். தள்ளினேன். யுத்தகாலத்தில் இந்த ஊருக்கே வெளிச்சம் பிடித்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த யுத்தம் என்று கேட்பான் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அது நியாயமான கேள்விதான்.

நான் சொல்வது ஜப்பான்காரன் குண்டு போட்ட யுத்தம். அப்போது எனக்குக் கலியாணமான புதிது. என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். குண்டு விழுந்ததும் கடையில் வேலைக்கு நின்றவர் வெருகல் கோயிலுக்கு ஓடி முருகனிடம் தஞ்சமடைந்தார், திரும்பி வரவேயில்லை. அவருடைய வேலை எனக்கு வந்தது. பெண்கள் முன்னேறியதெல்லாம் இப்படித்தான், வேறு ஆள் கிடைக்காதபடியால்.

வேலை பெரிதில்லை. கலியாண வீட்டுச் சனநெரிசலுக்குள் நின்று விளக்குப் பிடிக்கவேண்டும். முதலில் இருந்தது மக்னீசியப் பொடி. தகரத் தட்டில் பொடியைக் கொட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பற்றவைத்தால் ஒரு மின்னல். பிறகு வெள்ளைப் புகை. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் தலைப்பாகையில் சாம்பல், பாயசத்திலும் சாம்பல். இன்றைக்கும் எங்காவது சீனவெடி வெடித்தால் எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வரும். யுத்தம் முற்றியதும் பொடி கிடைக்காமல் போயிற்று. அரசாங்கங்களுக்கு அது குண்டு செய்யத் தேவைப்பட்டதாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட அது அவசரம்தானே.

அந்த நேரம் ஒரு கப்பற்காரப் பொடியன், தாய்க்கு அனுப்பத் தன்னைப் படம் எடுத்துக் கொடுத்த நன்றிக்கு, ஒரு புதுச் சாமானைத் தந்துவிட்டுப் போனான். டோர்ச் லைட் போல ஒரு பிடி, அதன் தலையில் வெள்ளித் தட்டம், நடுவில் ஒரு பல்ப். பொத்தானை அமத்தினால் பல்ப் ஒரேயொரு தரம் பளிச்சிட்டுச் செத்துப்போகும். கப்பல் போய்விட்டது. அவன் கூடத் தந்த பல்புகளும் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒன்று மிஞ்சியது.

அந்த ஒன்றுக்குத்தான் கொந்திராத்துக்காரர் வந்தார். கப்பல்களுக்கு முட்டையும் விறகும் கொடுக்கும் ஒப்பந்தம் எடுத்துப் பெரிய மனிதரானவர். யுத்தம் எல்லோரையும் அழிப்பதில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வர இணங்கியிருந்தார்.

"படத்தில துரை நிக்கவேணும். பக்கத்தில நான் நிக்கவேணும்" என்றார்.

"பொம்பிளை மாப்பிள்ளை?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஓம், அவையும் நிக்கட்டும்."

இரவில் வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்ற இருட்டடிப்புச் சட்டத்துக்குப் பயந்து பின்னேரமே சன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மங்கல் விளக்கு. அதற்குள் ஊரே நெரிந்தது. எனக்குச் சமையல் நடந்த குசினி வாசலடியில்தான் நிற்க இடம் கிடைத்தது. அங்கே கொந்திராத்துக்காரரின் அக்கா நாகம்மா நின்றிருந்தார். தாய் தகப்பனில்லாத தம்பியைச் சல்லிக் கடற்கரையில் கருவாடு காயவைத்து வளர்த்தவர். "சனத்துக்குள்ள நெரிபடாதேங்கோ அக்கா, இஞ்ச காத்து வரும்" என்று தம்பியார் அன்பாக அங்கே நிறுத்தியிருந்தார். கருவாட்டு மணம் துரையின் மூக்குக்கு எட்டாத தூரம் அது.

"பிள்ளை, அந்த வெளிச்சம் இஞ்சயும் வருமோ?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"அது மணவறைக்கு, அக்கா."

"ஓம் ஓம், அதுதானே சரி. நான் ஒருநாளும் என்னைப் படத்தில பாக்கேல்லை. அதுதான் கேட்டனான்."

கேட்டுவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்துத் தலைமயிரைப் படியவிட்டார்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ" என்று சொல்லி என் வீட்டுக்காரர் கமராவைத் திறந்தார். இனி நான் பொத்தானை அமத்தும்வரை படம் விழாது. அந்த மங்கலில் என் தட்டம் பார்க்கும் பக்கம்தான் படமாகும். துரை மணிக்கூட்டைப் பார்த்தார். கொந்திராத்துக்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். படத்தின் ஓரத்தில் விழும் அந்த வாசலில், எவரும் சொல்லாமலே, நாகம்மா அக்கா கால்விரலில் எம்பி நின்றார். நான் தட்டத்தை அவர் பக்கம் திருப்பி அமத்தினேன்.

கடை இருட்டறையில் படம் மெல்ல எழும்பியது. நாகம்மா அக்கா பட்டப்பகலில் நிற்பதுபோல் நின்றார். மணப்பெண் ஒரு கன்னம். கொந்திராத்துக்காரர் ஒரு மீசை. துரை நாலு பொத்தான்.

"சனம் உம்மட கையை இடிச்சுப்போட்டுதோ?" என்று கேட்டார் இவர், என் வீட்டுக்காரர்.

"இல்லை. நான்தான் திருப்பினனான்."

அவர் படத்தைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன். நல்லவேளை, என்னை அழவைத்த பெருமை யாருக்கும் கிடைக்கவில்லை.

கொந்திராத்துக்காரர் வந்தார். "துரை எங்க?"

"உதுதான்" என்று இவர் பொத்தான்களைக் காட்டினார்.

கடையை இழுத்து மூடவைப்பேன் என்று கத்தினார். கத்திக்கொண்டே படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "அக்காவுக்கு இவ்வளவு வயது போயிட்டுதோ?" என்றார். படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து ஒரு கப்பற்காரனும் எங்கள் கடைப்படி ஏறவில்லை. சொன்ன சொல் தவறாத மனிதர். கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டு, என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலைக்குப் போனார்.

மூடுவதற்கு முன் படத்தை எடுத்துக்கொண்டு "வாரும், சல்லிக்குப் போவம்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு. நாகம்மா அக்கா செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார்.

"இது எங்கட அம்மாவெல்லோ. உங்களுக்கு எங்கால கிடைச்சது?"

"அது நீங்கள்தான் அக்கா."

வெயிலில் பிடித்துப் பார்த்தார். படத்திலிருந்த மூக்குத்தியை விரலால் தொட்டு, "ஓம்" என்றார். "நான் அம்மாவா வந்திட்டன்." தாய்க்கு ஒரு படமும் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தது, கப்பல்கள் போயின, முட்டை வாங்க ஆளில்லை. கொந்திராத்துக்காரர் வீட்டை விற்றுவிட்டுச் சல்லிக்கு, அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தார். படம் அங்கே சுவரில் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பொத்தான்தான் துரை என்று காட்டுவாராம். சிரிக்காதீர்கள், சிலர் நம்பினார்களாம்.

பிறகு அக்கா போனார், தம்பியும் போனார். எங்கள் கடை நின்ற இடத்தில் இப்போது பஸ் திரும்புகிறது. பின்னால் வந்த யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்தபோது அந்தச் சல்லி வீடு கூரையிழந்து, சுவரிழந்து மணலாயிற்று. படத்தை யாரும் எடுத்துப் போனதாகத் தெரியவில்லை. நாகம்மா அக்காவின் முகம் தெரிந்த ஆட்களை எண்ணிப் பார்த்தால் இன்றைக்கு நான் ஒருத்திதான். மூக்குத்தி போட்டிருந்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது, சில நாட்களாக, எனக்கும் நிச்சயமில்லை.