கைராசிக்காரர் வளர்த்த கொசு

ஊரே கொசுவை அடித்துக்கொண்டிருக்க, அதற்குத் தீனி போட்டு வளர்ப்பது அவருக்கு வேலை. ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டுத் தட்டாகத் தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழுக்கள். அவர் கை பட்ட தட்டில் புழு சாகாது. அதனால் ‘கைராசிக்காரர்’ என்று பெயர். மனுஷனுக்கு அதில் தலைக்கனமும் உண்டு.

“வீட்டுல வச்ச செடியெல்லாம் வாடிப்போச்சு. கொசுவுக்கு மட்டும் கைராசியாக்கும்!” என்பாள் மனைவி.

இந்தமுறை ஆராய்ச்சி செய்யும் மேடம் புழுக்களை வெக்கை அறையிலும் குளிர் அறையிலுமாகப் பிரித்து வைத்தார். தீனி ஒரே அளவு. வெக்கையில் இருந்தவை மளமளவென்று வளர்ந்தன. குளிரில் கிடந்தவை சீக்காளி மாதிரி அசைந்தன.

பக்கத்து அறைக்காரன் எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, ராசிக்கு ஜலதோஷமா?”

கைராசிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மேடம் வீட்டுக்குப் போனதும் குளிர் அறைத் தட்டுகளை வெக்கை அறைக்குத் தூக்கிப்போனார். காலையில் மேடம் வருமுன் திரும்ப வைத்தார். தினமும் இதே திருட்டு.

குளிர் அறைக் கொசுவும் சீக்கிரமே பறந்தது. ஆனால் நோஞ்சானாக. முட்டையும் சொற்பம்.

“குளிர்ல நிதானமா வளந்தா ஒடம்பு பெருசாகி முட்டை நிறைய போடணுமே! தீனியக் கொறைச்சீங்களா?” என்றார் மேடம்.

“சத்தியமா இல்ல மேடம்.” அது மட்டும் உண்மை.

பழி குளிர்மெஷின் மெக்கானிக் மேல் விழுந்தது. மனைவியின் தம்பி, இவரே சேர்த்துவிட்டவன்.

“மெஷின் பொய்யா அளவு காட்டுது. நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறோம்” என்றார் மேடம்.

மச்சினன் ஸ்குரூடிரைவரும் கையுமாக நின்றான். “மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்!”

அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். “மெஷின் இல்ல மேடம். நான்தான்... நீங்க போனப்புறம் தட்டை வெக்கைக்கு மாத்தினேன்.”

“ஏன்?”

பெயர் கெட்டுவிடுமே என்றுதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“குளிர்ல கெடந்துச்சுங்க... பாவமா இருந்துச்சு.”

மேடத்தின் முகம் இளகிவிட்டது. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. சரி, இளகின மனசு உங்களுக்கு. முதல்லேர்ந்து பண்ணுவோம். தம்பி, நீயும் இரு.”

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

வாசலில் மச்சினன் பைக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “பாவம் பாத்தீங்களாக்கும்?”

அந்நேரம் பார்த்து ஒரு கொசு அவர் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. மச்சினன் கண்ணை எடுக்கவில்லை. அது வயிறு புடைக்கக் குடித்துவிட்டுப் போகும்வரை அவருக்கு அடிக்கக் கை எழவில்லை.